கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே

1935ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்ற இளம் ஆங்கிலிக்கன் குரு, தம் ஊழியத்தின் முதல் அடக்க ஆராதனையை நடத்தினார். இறந்தவள் 14 வயதுச் சிறுமி. அவளுக்கு முதல் மாதவிடாய் வந்திருக்கிறது. இன்னதென்று எடுத்துச்சொல்ல யாருமில்லை. ஏதோ வெட்கக்கேடான நோய் தொற்றிவிட்டதென்று பயந்துபோய் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஆசீர்வதிக்கப்பட்ட கல்லறை நிலத்தில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்தக் கடுமை எங்கிருந்து வந்தது? வேதாகமத்தில் சவுலும் யூதாசும் தங்கள் முடிவைத் தேடிக்கொள்கிறார்கள். அந்தச் செயலுக்கென்று தனித் தீர்ப்பு எதுவும் அங்கே எழுதப்படவில்லை. தீர்ப்பை வகுத்தவர் புனித அகுஸ்தீன். கி.பி. 410இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது பல பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். சிலர் அவமானம் தாங்காமல் இறந்தார்கள். குற்றம் செய்யாத பெண் எதற்காகச் சாக வேண்டும் என்று கேட்டார் அகுஸ்தீன். கொலையைத் தடுக்கும் கட்டளை தன்னுயிருக்கும் பொருந்தும் என்றார். உயிரோடிருந்த பெண்களின் தலை நிமிர எழுந்த வாதம் அது. பின்வந்தவர்கள் அதையே பிணத்தின்மீது வீசிய கல்லாக்கிவிட்டார்கள். இது வரலாற்றின் பெரிய கொடுமைகளில் ஒன்று.

ஆறாம் நூற்றாண்டில் பிராகா நகரில் கூடிய சங்கம், தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கு கிடையாது என்றது. பின்னாளில் இங்கிலாந்தில் அவர்களை நாற்சந்தியில் புதைத்து, உடலில் முளை அறைந்தார்கள். சொத்தும் அரசனுக்குப் போனது. நாற்சந்திப் புதைப்பை 1823இல் வந்த சட்டம் நிறுத்தியது. ஆனாலும் இரவு 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையில், ஜெபமின்றித்தான் அடக்கம் செய்யலாம் என்றது அதே சட்டம். நள்ளிரவில், அண்டை அயலார் இல்லாமல், மகனைப் புதைத்துவிட்டு வீடு திரும்பிய தாய்மார்களைப் பற்றி எந்தச் சங்கத்தின் தீர்மானத்திலும் ஒரு வரி கிடையாது.

மாற்றுக்குரல்களும் இருந்தன. 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர், இப்படி இறந்தவர்கள் எல்லாரும் நரகத்துக்குத்தான் போவார்கள் என்பதை ஏற்கவில்லை. காட்டுவழியே போகிறவனைக் கள்வன் மறித்துக் கொல்வது போல, இவர்களும் தங்களை மீறிய ஒன்றிடம் அகப்பட்டவர்கள் என்றார். கத்தோலிக்கத் திருச்சபைக்கு இன்னும் காலம் பிடித்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தற்கொலை செய்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளியான மறைக்கல்வி நூல், தற்கொலை தவறுதான் என்ற போதனையைக் கைவிடவில்லை. ஆனால் கடும் மனநோயும் தாங்கமுடியாத அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைத்துவிடும் என்கிறது. அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம், அவர்களுக்காகத் திருச்சபை ஜெபிக்கிறது என்றும் சொல்கிறது.

சட்டம் மாறினாலும் சபை மக்களின் நாக்கு மாறுவதற்கு நாளாகிறது. மனச்சோர்வு என்றால் விசுவாசக் குறைவு, ஜெபம் போதவில்லை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. வில்லியம் கூப்பரின் வாழ்க்கை இவர்களுக்குப் போதுமான பதில். 18ஆம் நூற்றாண்டின் இந்தக் கவிஞர் எழுதிய ஞானப்பாடல்கள் உலகெங்கும் ஆலயங்களில் ஒலிக்கின்றன. அவர் 1763இல் உயிரை விட முயன்று, செயின்ட் ஆல்பன்ஸ் ஊரிலிருந்த மனநல விடுதியில் டாக்டர் நத்தானியேல் காட்டனின் பராமரிப்பில் தேறியவர். 1773இல் நோய் திரும்பியது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் 1800இல் இறக்கும்வரை அவரைவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் இருந்து தாங்கியவர்களில் ஒருவர் போதகர் ஜான் நியூட்டன். இருவரும் சேர்ந்து எழுதிய ஓல்னி பாடல் தொகுப்பு 1779இல் வெளிவந்தது. கூப்பருக்கா விசுவாசம் குறைவு?

எலியா தீர்க்கதரிசியின் கதையையும் இங்கே நினைக்கலாம். அரசி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடியவர், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், செத்துப்போகிறேன் என்கிறார். தேவதூதன் வருகிறான். கடிந்துகொள்ளவில்லை. தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்து சாப்பிடச் சொல்கிறான். எலியா உண்டு மறுபடி தூங்குகிறார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி உணவு கொடுக்கிறான். கடவுள் எலியாவோடு பேசியது அதற்குப் பிறகுதான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் 1957இல் மனநல மையம் தொடங்கியபோது செய்ததும் ஏறக்குறைய இதுதான். நோயாளியோடு குடும்பத்தாரும் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். மனநோயாளி என்றால் கொண்டுபோய் அடைத்துவிட்டு வருவதுதான் வழக்கம் என்றிருந்த காலம் அது.

சாட் வாராவுக்கு வருவோம். அவரால் அந்தச் சிறுமியை மறக்க முடியவில்லை. 1953 நவம்பரில், லண்டனில் குண்டுவீச்சில் சேதப்பட்ட புனித ஸ்தேவான் வால்புருக் ஆலயத்தில், உயிரை விட நினைப்பவர்கள் அழைக்க ஒரு தொலைபேசியை வைத்தார். நேரிலும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். குருவைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கத் தன்னார்வலர்கள் வந்தார்கள். அவர்களிடம் பேசிய பலர், குருவைப் பார்க்காமலே மனம் தேறித் திரும்பிப் போனார்கள். இதைக் கண்ட வாரா, சில மாதங்களிலேயே தொலைபேசியைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு பிறந்தது. கேட்கிறவர் பிரசங்கம் செய்யக்கூடாது, மதம் மாற்றக்கூடாது என்பது அதன் கண்டிப்பான விதி. அதை வகுத்தவர் ஒரு குருவானவர் என்பதுதான் இதில் மனத்தைத் தொடும் செய்தி.

அந்த வழிமுறை நாடு தாண்டிப் பரவியது. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய 'சினேகா' அதே மரபில் வந்தது. 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் யோபுவின் நண்பர்களை நினைத்துக்கொள்ளலாம். ஏழு நாள் வாய்திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்கள். யோபுவின் துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் அவனை நோகடித்தார்கள். பெயரைச் சொல்லிப் பேசுங்கள், 16ஆம் நாளுக்குப் பிறகும் போய்ப் பாருங்கள், ஏன் இப்படிச் செய்தான் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மனம் தாங்காதபோது யாராக இருந்தாலும் பேசலாம். சினேகாவின் எண் 044-24640050. அரசின் டெலிமானஸ் எண் 14416, இரவும் பகலும், கட்டணமின்றி.