முதல் மூச்சில் மாறும் ரத்த ஓட்டம்: முதல் 3 நாள்கள் முக்கியம்

புதுதில்லி: பிறந்த குழந்தை வீறிட்டு அழுதுவிட்டால் ஆபத்து நீங்கியதாகவே பெற்றோர் கருதுகின்றனர். ஆனால், கருவறைக்கு ஏற்ப அமைந்த ரத்த ஓட்டம் முழுமையாக மாறுவதற்கு மேலும் சில நாள்கள் ஆகின்றன. பிறவி இதயக் கோளாறு உள்ள சில குழந்தைகளுக்கு ஆபத்து தொடங்குவதே அப்போதுதான்.

கருவில் உள்ள சிசுவின் நுரையீரல்களில் காற்று இல்லை, திரவமே நிறைந்துள்ளது. தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சு பெறும் ஆக்சிஜனைத் தொப்புள் கொடியின் ஒரு சிரை சிசுவுக்குக் கொண்டுவருகிறது. 2 தமனிகள் பயன்பட்ட ரத்தத்தைத் திருப்பி அனுப்புகின்றன. நுரையீரலைத் தவிர்த்து ரத்தம் செல்ல 2 குறுக்கு வழிகள் உண்டு. ஒன்று, இதயத்தின் இரு மேலறைகளுக்கு இடையே உள்ள துளை. மற்றொன்று, நுரையீரல் தமனியைப் பெருந்தமனியுடன் இணைக்கும் குழாய்.

முதல் மூச்சில் நுரையீரல்கள் விரிந்து, அவற்றினுள் ரத்தம் பாய்கிறது. அந்த ரத்தம் இடது மேலறைக்குத் திரும்பி அழுத்தத்தைக் கூட்டுவதால், துளை மீதுள்ள மடிப்பு கதவுபோல் மூடிக்கொள்கிறது. இணைப்புக் குழாய் சுருங்கி அடைபட, நிறைமாதக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 2 அல்லது 3 நாள்களாகும். குறைமாதக் குழந்தைகளுக்கு அது திறந்தே இருந்து, நுரையீரலுக்கு அதிக ரத்தத்தை அனுப்பி மூச்சுத் திணறலை உண்டாக்கலாம்.

வீடு திரும்பிய பின்...

சில பிறவிக் கோளாறுகளில் நிலைமை நேர்மாறானது. அந்தக் குழாய் வழியே செல்லும் ரத்தமே குழந்தையின் உயிரைக் காக்கிறது. குழாய் மூடத் தொடங்கியதும் உதடும் நாக்கும் நீலம் பாய்கின்றன. அல்லது குழந்தை பால் குடிக்க இயலாமல் துவள்கிறது. அதற்குள் தாயும் சேயும் வீடு திரும்பியிருக்கக் கூடும். உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்தால், புரோஸ்டாகிளாண்டின் மருந்தைச் செலுத்திக் குழாயைத் திறந்து வைத்து, அறுவைச் சிகிச்சைக்கு அவகாசம் பெற முடியும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதயக் கோளாறுடன் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. 2019-21-ம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடந்துள்ளன. எனவே, வீடு திரும்பும் முன் சோதிக்கும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது.

பிறந்து 24 மணி நேரத்துக்குப் பின் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பொருத்தினால் சில நிமிடங்களில் விவரம் தெரிந்துவிடும். ஆக்சிஜன் அளவு இரண்டிலும் 95 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, இரண்டுக்கும் இடையே 3 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ மறுபரிசோதனை அவசியம். எல்லாக் கோளாறுகளையும் இக்கருவி காட்டிவிடாது என்பதால், மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும் தேவை.

மத்திய அரசு 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவி இதயக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. கேரளம் 2017-ல் இதற்கெனவே "ஹிருத்யம்" திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும், பால் குடிக்கும்போது வியர்த்தல், வேகமாக மூச்சு வாங்குதல், நீலம் பாய்தல் ஆகியவற்றை முதலில் காண்பது தாயின் கண்களே. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.