பேரிங்கைத் தின்னும் மின்சாரம்

வேகத்தை மாற்றும் டிரைவை மாட்டிய சில மாதங்களிலேயே மோட்டார் கத்தத் தொடங்கும். முதலில் லேசான இரைச்சல், பிறகு ஷெட் முழுக்கக் கேட்கும் ஊளை. ஃபிட்டர் வந்து பேரிங்கை மாற்றுவார். கிரீஸ் சரியில்லை என்பார்கள், அலைன்மென்ட் தப்பு என்பார்கள், போலி பேரிங்கை வாங்கிவிட்டீர்கள் என்றுகூடச் சொல்வார்கள். புது பேரிங்கும் அதே கதிக்கு ஆளாகும். நூற்பாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கும் பலருக்கு இந்தத் தலைவலி பழக்கமானது.

கழற்றிய பேரிங்கைப் பழைய இரும்போடு போடாமல், வெளி வளையத்தை அறுத்துப் பாருங்கள். பந்துகள் உருளும் பாதை கண்ணைப் பறிக்கிற வழவழப்போடு இருக்க வேண்டும். அங்கே குறுக்கே வரிவரியாக, தகரக் கூரையைப் போல மேடும் பள்ளமும் விழுந்திருக்கும். பந்துகள் மெருகு போய் மங்கியிருக்கும். கிரீஸ் கறுத்துப்போயிருக்கும். சாதாரணத் தேய்மானத்தில் இத்தனை நெருக்கமான, சீரான வரிகள் விழுவதில்லை. இது மின்சாரம் செய்த வேலை.

காயிலில் ஓட வேண்டிய மின்சாரத்துக்கு பேரிங்கில் என்ன வேலை?

லைனிலிருந்து நேராக வரும் மும்முனை மின்சாரத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. எந்த நொடியில் கூட்டிப் பார்த்தாலும் மூன்று முனைகளின் வோல்டேஜும் சேர்ந்து சுழியமாகிவிடும். டிரைவிலிருந்து வரும் மின்சாரத்தில் அந்த ஒழுங்கு இல்லை. டிரைவ் 415 வோல்ட் ஏசியை முதலில் டிசியாக்குகிறது. அது ஏறக்குறைய 587 வோல்ட். பிறகு ஐஜிபிடி என்ற ஆறு மின்னணு சுவிட்சுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, அந்த டிசியைத் துண்டு துண்டாக நறுக்கி மோட்டாருக்கு அனுப்புகின்றன. டிசியின் நடுப்புள்ளியிலிருந்து பார்த்தால், ஒவ்வொரு முனையும் எந்நேரமும் மேலே 293 வோல்ட்டில் இருக்கும், அல்லது கீழே 293 வோல்ட்டில் இருக்கும். இடைப்பட்ட நிலை கிடையாது. இருப்பதோ மூன்று முனைகள். இரண்டு மேலே, ஒன்று கீழே என்றால் சராசரி 98 வோல்ட்; மூன்றும் மேலே என்றால் 293. எப்படிச் சேர்த்தாலும் சுழியம் வராது. மூன்று முனைகளுக்கும் பொதுவான இந்த மிச்ச வோல்டேஜ், ஒவ்வொரு சுவிட்சிங்கிலும் எகிறிக் குதிக்கிறது.

ஸ்டேட்டர் காயிலுக்கும் ரோட்டாருக்கும் நடுவே இருப்பது காற்றும் இன்சுலேஷனும்தான். ஆனால் இரண்டு உலோகங்களுக்கு நடுவே இடைவெளி விட்டால் அது ஒரு கெப்பாசிட்டர். அதன் வழியே மிச்ச வோல்டேஜில் ஒரு சிறு பங்கு, வழக்கமாகப் பத்து சதவீதத்துக்குள், ரோட்டாரில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. 293-இல் ஐந்து சதவீதம் என்றாலே 15 வோல்ட் ஆயிற்று. தொட்டால்கூட நமக்கு உறைக்காத அளவுதான். ஆனால் ஓடும் பேரிங்கில் பந்துக்கும் பாதைக்கும் நடுவே உள்ள கிரீஸ் படலம் ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது. அதை உடைக்க அந்த 15 வோல்ட் போதும். படலம் உடையும்போது பொறி பறக்கும். பொறி பட்ட இடத்தில் எஃகு துளியளவு உருகிக் குழி விழும். ஒரு குழியால் ஒன்றும் ஆகாது. கோடிக்கணக்கில் விழும்போது பாதை சொரசொரத்து, பந்துகள் அதிர்ந்து அதிர்ந்து உருண்டு, கடைசியில் அந்த வரிகளாகிவிடுகின்றன.

ஷாஃப்டில் மின்சாரம் ஓடுவது பழைய செய்தி. அமெரிக்கப் பொறியாளர்கள் ஆல்ஜரும் சாம்சனும் 1924-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார்கள். அன்று அது பெரிய மோட்டார்களின் காந்தப் புலச் சமச்சீரின்மையால் வந்த தொல்லை. 1990-களில் ஐஜிபிடி டிரைவுகள் பரவியபோதுதான் சின்ன மோட்டார்களின் பேரிங்குகளும் சாகத் தொடங்கின. ஒவ்வொரு முறையும் சுவிட்ச் எவ்வளவு சடக்கென்று வேகமாகத் திறந்து மூடுகிறதோ அவ்வளவுக்கு டிரைவில் வெப்ப இழப்பு குறையும். அதே வேகம்தான் பேரிங்குக்கு எமன்.

மருந்து இருக்கிறது. ஷாஃப்டைச் சுற்றிக் கார்பன் இழை வளையம் பொருத்தி, ஏறிய சார்ஜை பேரிங்குக்குப் போகாமல் பாடிக்கு இறக்கிவிடலாம். சிலிக்கான் நைட்ரைடு என்ற பீங்கான் வகைப் பந்துகள் போட்ட பேரிங் வாங்கலாம், விலை கூடுதல்தான். சுமார் 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மோட்டார்களில் இன்னொரு சிக்கல் உண்டு: ஷாஃப்ட், ஒரு பேரிங், பாடி, மறு பேரிங் என்று மின்சாரம் வளையமாகவே சுற்றிவரும். அங்கே ஒரு முனை பேரிங்கை இன்சுலேட் செய்தால் வளையம் அறுந்துவிடும். சின்ன மோட்டாரில் அதையே செய்து பயனில்லை. ஏறிய சார்ஜ் மறு முனை பேரிங் வழியாக இறங்கிக்கொள்ளும். சரி, இரண்டையும் இன்சுலேட் செய்தால்? கப்ளிங் வழியாகப் பக்கத்து பம்புக்கோ கியர்பாக்ஸுக்கோ போய் அங்குள்ள பேரிங்கைத் தின்னும். மோட்டார் பிழைத்தது, பம்பு போச்சு என்று ஆகும்.

மின்வாகனத்தில் இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது. மோட்டாரும் கியரும் பெரும்பாலும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஷாஃப்டில் வருகின்றன. டெஸ்லா 2017-இல் மாடல் 3 காரின் டிரைவான இன்வெர்ட்டரில் சிலிக்கான் கார்பைடு சுவிட்சுகளைக் கொண்டுவந்தது. அவை ஐஜிபிடியைவிட வேகமானவை. 2019-இல் வந்த போர்ஷே டைக்கான், பேட்டரி வோல்டேஜை வழக்கமான 400-இலிருந்து 800-க்கு உயர்த்தியது. சார்ஜ் ஏற்றும் நேரத்தைக் குறைக்கும் நல்ல முன்னேற்றம் அது. ஆனால் பேட்டரி வோல்டேஜ் இரட்டித்தால் மிச்ச வோல்டேஜும் இரட்டிக்கும். அதனால்தான் கார்பன் வளையமும் பீங்கான் பந்தும் இன்று கார் மோட்டார்களுக்குள்ளும் நுழைந்துவிட்டன.

டிரைவே வேண்டாம் என்று சொல்லவில்லை. காற்றாடியின் வேகத்தை 80 சதவீதமாக்கினால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிறது என்று சென்ற வாரம்தான் பார்த்தோம். அந்தச் சேமிப்பை விட மனம் வராது, விடவும் கூடாது. என் வருத்தம் வேறு. நம் ஆலைகளில் மோட்டாரை ஒருவரிடம் வாங்குகிறோம், டிரைவை இன்னொருவரிடம், கேபிளைக் கடையில் எது மலிவோ அதை. மூவருமே தத்தம் பொருள் நல்லதென்று நிரூபிக்க முடியும், சாவது பேரிங். டிரைவ் வடிவமைப்பவர் முதல் நாள் வரைபடத்திலேயே பேரிங்கையும் எர்த் பாதையையும் வரைந்துவிட வேண்டும். கொள்முதல் ஆர்டரில் மோட்டாரின் குதிரைத் திறனுக்கு அடுத்த வரியிலேயே ‘ஷாஃப்ட் எர்த்திங் வளையத்துடன்’ என்று எழுதிக் கேளுங்கள். புதிதாக வாங்கும்போது அது சின்னச் செலவு. ஓடுகிற மெஷினை நிறுத்திப் பொருத்தும்போது ஒரு ஷிப்ட் உற்பத்தியே போய்விடும்.

கேபிள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டிரைவ் ஒரு மூலையிலும் மோட்டார் மறு மூலையிலும் இருந்தால், 587 வோல்ட்டாகக் கிளம்பும் துடிப்பு மோட்டாரின் வாசலில் ஏறக்குறைய இரண்டு மடங்காகப் போய் நிற்கும். அதனால் காயில்கள் எரிகிற கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)