ஊசியா, சத்திரசிகிச்சையா?

தொழிற்சாலை இடைவேளைகளில் நம்மவர் பேச்சு இப்போது நிறை குறைக்கும் ஊசியைப் பற்றியதாகவே இருக்கின்றது. "மாதாமாதம் காசைக் கொட்டுவதைவிட ஒருமுறை வயிற்றை வெட்டிவிட்டால் முடிந்தது" என்பவர்களும் உண்டு. புதிதாகக் குடியேறிய உறவுகளுக்கு நாங்கள் முதலில் சொல்ல விரும்புவது, இரண்டிலுமே 'முடிந்தது' என்பது இல்லை.

நம்மவரைக் குறைந்த பருமனிலேயே நீரிழிவு பிடித்துவிடுகின்றது. அதனால்தான் ஆசிய மக்கள் உடல் நிறைச் சுட்டெண் 23 இலிருந்தே கவனமாக இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. ஊரில் சைக்கிள் மிதித்த உடம்பு இங்கே இரவு வேலையும் அகாலச் சோறுமாக வயிறு வைக்கின்றது.

'வெகோவி' ஊசி டென்மார்க்கின் நோவோ நோடிஸ்க் நிறுவனத்தினுடையது. 1922இல் டெனிஷ் விஞ்ஞானி ஓகஸ்ட் குரோக், நீரிழிவு நோயாளியான மனைவி மரியின் தூண்டுதலால் ரொறன்ரோ சென்று, இன்சுலின் தயாரிக்கும் அனுமதியோடு திரும்பினார். அந்த வழியில் வளர்ந்த நிறுவனம் இது. ஊசியை வாரம் ஒருமுறை நாமே ஏற்றலாம். பசி அடங்கும், ஓங்காளம், வாந்தி, மலச்சிக்கலும் வரலாம். 2021இல் வெளியான ஆய்வில் 68 வாரங்களில் சராசரி 15 வீத நிறை குறைந்தது. 100 கிலோ உள்ளவருக்கு 15 கிலோ. ஆனால் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. 2022 டிசம்பரில் இங்கே விற்பனைக்கு வந்தபோது மாதச் செலவு ஆயிரம் குரோனரைத் தாண்டியது. அரச மருந்து மானியமும் பொதுவாகக் கிடைக்கவில்லை. வாடகை கட்டி, ஊருக்கும் அனுப்பும் வீடு இதை எத்தனை வருடம் தாங்கும் என்று முதலே கணக்குப் பாருங்கள்.

சத்திரசிகிச்சை அரச வைத்தியசாலையில் இலவசம். ஆனால் கேட்டவருக்கெல்லாம் செய்யமாட்டார்கள். மிகுந்த பருமனும், பெரும்பாலும் அதனால் வந்த நோயும் இருக்கவேண்டும். குடும்ப வைத்தியரின் கடிதமும் வேண்டும். இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைப்பது ஒரு முறை, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றுவது இன்னொன்று. சுவீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வில், குடலோடு இணைத்தவர்கள் பத்து வருடத்தின் பின்னும் நாலில் ஒரு பங்கு நிறை குறைந்தே இருந்தார்கள். நிறையைப் பொறுத்தவரை கத்திதான் கூடுதல் பலன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விற்றமின், இரும்பு, கல்சியம் ஆயுள்வரை எடுக்கவேண்டும், இரத்தப் பரிசோதனையும் தொடரும். கலியாண வீட்டில் ஆசைக்குப் பல இனிப்புப் பலகாரம் சாப்பிட்டால் வியர்த்து, படபடத்துப் படுக்க நேரும்.

பிள்ளை பெற எண்ணும் சகோதரிகள் இதை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள். கருத்தரிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே ஊசியை நிறுத்தவேண்டும். சத்திரசிகிச்சையின் பின் ஒரு வருடத்துக்கு மேல் பொறுக்கச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள், பள்ளிப் பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள். தெரிந்தவர் கைமாற்றும் ஊசிப் பேனையை வாங்கவே வேண்டாம். 2023இல் ஐரோப்பாவிலேயே போலி 'ஒசெம்பிக்' பேனைகள் பிடிபட்டன.