ஆயுதம் எடுக்காத ஆட்டக்காரன்

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்குப் பெரிய மீசை. கையில் சங்கு உண்டு, சக்கரம் கிடையாது. ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தேரோட்ட வந்தவர் அல்லவா? உற்சவரின் முகத்தில் தழும்புகள். அர்ஜுனனுக்குக் குறிவைத்து பீஷ்மர் விட்ட அம்புகளைச் சாரதி வாங்கிக்கொண்டதன் அடையாளம் என்பார்கள்.

சின்ன வயதிலிருந்து பார்த்த முகம்தான். அதன் பொருள் உறைத்தது என்னவோ இரண்டு தெரு தள்ளி, நண்பன் வீட்டு மொட்டைமாடியில், இருபது முக டைஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

ஆட்டத்தின் பெயர் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்டது. ஒருவர் கதை சொல்வார், அவர்தான் டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதாகாலட்சேபத்தின் நடுவே கேட்கிறவன் எழுந்து, “நான் அந்தக் கதவை உடைச்சா?” என்று கேட்க, பாகவதர் “டைஸைப் போடு” என்று சொன்னால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அதுதான்.

பாத்திரம் தேர்ந்தெடுக்கும்போது எல்லோருக்கும் வாள் வேண்டும். தாமதமாகப் போனதால் எனக்கு கிளெரிக் வந்தது. மந்திரம் ஓதி மற்றவர்களைத் தேற்றிவிடும் பூசாரி. ஒப்புக்குச் சப்பாணி என்றுதான் நினைத்தேன். இத்தனைக்கும் இந்தப் பூசாரி பிறந்ததே ஒரு நெருக்கடியில்தான். ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவர் ரத்தக்காட்டேரியாகி அடக்க முடியாமல் போக, அவரைச் சமாளிக்க உருவான பாத்திரம் அது.

புதிதாக ஆடுகிறவன் செய்கிற தப்பையே நானும் செய்தேன். யாருக்காவது அடிபட்டால் ஓடிப்போய் ஆற்றுவது. நாம் ஆற்றுவதைவிட எதிரி ஒரே அடியில் அதிகம் பறித்துவிடுகிறான்; ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அடிபடும் முன்பே செய்வதுதான் வித்தை. பிளெஸ் என்றொரு மந்திரம். மூன்று பேர்மேல் போடலாம். அவர்கள் தாக்கும்போது நாலு முக டைஸ் ஒன்றைக் கூடுதலாக உருட்டிக்கொள்ளலாம். சராசரியாக இரண்டரை. இருபதில் இரண்டரை என்றால், தவறிப்போயிருக்க வேண்டிய ஒரு வீச்சு எட்டு வீச்சுக்கு ஒருமுறை எதிரிமேல் விழும். கைதட்டல் வாள் வைத்திருப்பவனுக்குத்தான் போகும். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவரின் பெயர் யாருக்குத் தெரியும்? ‘ஒத்து ஊதுகிறான்’ என்பதை வசவாக வேறு ஆக்கி வைத்திருக்கிறோம்.

ஆயுதம் எடுப்பவன்தான் ஆள் என்று துரியோதனன் போட்டதும் இதே கணக்குதான். ஒரு பக்கம் நாராயண சேனை, இன்னொரு பக்கம் ஆயுதமெடுக்காத ஒற்றை ஆள். சேனை கிடைத்த மகிழ்ச்சியில் அவன் போய்விட்டான். அந்த ஒற்றை ஆளுக்கும் பீஷ்மர் முன்னால் பொறுமை போய், வாக்கை மறந்து பாய்ந்த கட்டம் பாரதத்தில் உண்டு. சப்போர்ட் ஆடுகிறவர்களுக்கு அந்த அவஸ்தை நன்றாகவே புரியும்.

அடுத்த ஆட்டத்தில் விஸார்ட் எடுத்தேன், மந்திரவாதி. எல்லோரும் ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் கேட்டார்கள். நான் ஹேஸ்ட் போட்டேன். யார்மேல் போடுகிறோமோ அவர் இருமடங்கு வேகத்தில் ஓடுவார், ஒரு அடி கூடுதலாக அடிப்பார். ஆனால் மனத்தைக் குவித்துப் பிடித்திருக்க வேண்டிய மந்திரம் இது. அதைப் பிடித்திருக்கும்போது நமக்கு அடிபட்டால், குறைந்தது பத்தாவது உருட்டியாக வேண்டும். பெரிய அடியென்றால், பட்டதில் பாதி பத்தைத் தாண்டினால், அந்தப் பாதியை உருட்ட வேண்டும். இல்லையென்றால் மந்திரம் கலைந்துவிடும். கலைந்தால், வேகமாக ஓடியவர் அடுத்த முறை முழுக்கக் கை கால் ஆடாமல் நிற்பார்.

பாரதத்தில் பதினெட்டாம் நாள் போர் முடிந்ததும் கண்ணன் அர்ஜுனனை முதலில் இறங்கச் சொல்கிறான். பிறகுதான் தான் இறங்குகிறான். கொடியிலிருந்த அனுமன் மறைய, தேர் பற்றி எரிந்து சாம்பலாகிறது. துரோணரும் கர்ணனும் விட்ட அஸ்திரங்களால் முன்பே எரிந்திருக்க வேண்டியது, நான் உட்கார்ந்திருந்ததால் நின்றது என்கிறான். அத்தனை நாளும் பிடித்து வைத்திருந்ததை அர்ஜுனனிடம் மூச்சுகூட விடவில்லை.

என் பிடி அவ்வளவு நேரம் நிற்கவில்லை. மூலையிலிருந்த ஒரு காப்ளின் விட்ட அம்பு என்மேல் பட்டது. உருட்டினேன். ஆறு, கூட்டல் இரண்டு, எட்டு. ஹேஸ்ட் போயிற்று. அதுவரை ஒரு பூதத்தைக் குதித்துக் குதித்து வெட்டிக்கொண்டிருந்த நண்பன், அதன் எதிரே சிலையாக நின்றான். பூதம் மூன்று முறை அடித்தது. கீழேயிருந்து அவன் அம்மா கொடுத்தனுப்பிய சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது.

தட்டை முதலில் என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டான்: “அந்த மந்திரம் இன்னொரு தடவை இருக்காடா?”

“இருக்கு. இந்தத் தடவை நீ எனக்கு முன்னாடி நிக்கணும்.”