ஸ்ரீதேவி

ஸ்ரீதேவி (ஆகஸ்ட் 13, 1963 – பெப்ரவரி 24, 2018) தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி ஆகிய மொழித் திரைப்படங்களில் நடித்த இந்திய நடிகை ஆவார். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் சிவகாசியை அடுத்துள்ள மீனம்பட்டியில் பிறந்தார்.

துணைவன் (1969) படத்தில் முருகனாக நடித்த இவர், பூம்பாட்டா (1971) என்ற மலையாளப் படத்திற்காகக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருதைப் பெற்றார். பாலச்சந்தரின் மூன்று முடிச்சு (1976) இவரைக் கதாநாயகி ஆக்கியது. பாரதிராஜாவின் 16 வயதினிலே (1977) படத்து மயில் இன்றும் பேசப்படும் பாத்திரம். மூன்றாம் பிறை (1982) இவரது நடிப்பின் உச்சம் எனலாம்.

இந்தியும் இரவல் குரலும்

16 வயதினிலே படத்தின் இந்தி வடிவமான சோல்வா சாவன் (1979) தோல்வியுற்றது. ஹிம்மத்வாலா (1983) வெற்றிக்குப் பின் இந்தியில் முன்னணி நடிகையானார். ஆயினும் அம்மொழி அப்போது அவருக்குச் சரளமாக வரவில்லை. பல படங்களில் நாஸ் என்ற நடிகை பின்னணி பேசினார். பாக்யராஜ் இயக்கிய ஆக்ரி ராஸ்தா (1986) படத்தில் ஒலித்தது நடிகை ரேகாவின் குரல். முகமும் உடலும் மட்டுமே இவருடையவை. அவற்றைக் கொண்டே வடநாட்டு இரசிகர்களைக் கவர்ந்தார். சாந்தினி (1989) படத்தில்தான் முதன்முறையாக இந்தியில் சொந்தக் குரலில் பேசினார்.

ஜுதாயி (1997) படத்திற்குப் பின் 15 ஆண்டுகள் திரைப்படங்களில் நடிக்கவில்லை. மீண்டும் நடித்த இங்கிலிஷ் விங்கிலிஷ் (2012), ஆங்கிலம் தெரியாததால் வீட்டிலேயே ஏளனத்திற்கு உள்ளாகும் இல்லத்தரசியின் கதை. இது தமிழிலும் வெளியானது. 2013-இல் பத்மசிறீ விருது பெற்றார். துபாயில் காலமான பின்னர், மாம் (2017) படத்திற்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது இவருக்கு வழங்கப்பட்டது.