மோட்டார் ஓசை கேளாத ஏரிகள்

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பில் பூகோளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். வட அமெரிக்காவின் படத்தைச் சுவரில் தொங்கவிட்டு, ஐந்து பெரிய ஏரிகளையும் கோலால் தொட்டுக் காட்டியாயிற்று. அப்போது கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "ஸார், ஸுபீரியர் ஏரிக்கு மேற்கே பேனாவை உதறினாற்போலப் புள்ளி புள்ளியாக நீலம் இருக்கிறதே, அது அச்சுப் பிழையா?" என்று கேட்டான். வகுப்பு முழுதும் சிரித்தது.

அது அச்சுப் பிழையல்ல. அத்தனையும் ஏரிகள். அமெரிக்காவின் மின்னஸோட்டா மாகாணமும் கனடாவும் சந்திக்கும் எல்லையில், கிழக்கு மேற்காக ஏறக்குறைய 150 மைல் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் ஏரிக்காடு அது. அமெரிக்கப் பக்கத்தில் மட்டும் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். ஏரிகள் ஆயிரத்துக்கு அதிகம். 'பவுண்டரி வாட்டர்ஸ்', அதாவது எல்லை நீர்கள், என்பது அதன் பெயர். இந்த ஏரிகளில் மோட்டார் படகு ஓடலாமா கூடாதா என்ற ஒரு கேள்விக்காக ஒரு தேசத்துச் சட்டசபையும், மூன்று ஜனாதிபதிகளும், எண்ணற்ற வக்கீல்களும், ஒரு சிறு ஊரின் ஜனங்கள் அனைவரும் அரை நூற்றாண்டுக்கு மேல் மல்லுக்கு நின்றார்கள் என்றால் பையன்கள் நம்பவில்லை. வாசகர்களும் சந்தேகிக்கக்கூடும். ஆகையால் விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லுகிறோம்.

பனிக்கட்டி யுகத்தில் பாறையைக் குடைந்து நீர் நிரம்பிய ஏரிகள் இவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் தோணியைக் கரையேற்றி, தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்து, அப்பால் இறக்க வேண்டும். இந்தப் பாதைகளுக்குப் 'போர்ட்டேஜ்' என்று பெயர். இவற்றின் நீளத்தை இன்றும் அங்கே அடியாலோ கஜத்தாலோ சொல்லுவதில்லை. 'ராட்' என்ற பழைய அளவால் சொல்லுகிறார்கள். ஒரு ராட் என்பது பதினாறரை அடி. கிட்டத்தட்ட ஒரு தோணியின் நீளம். ஒஜிப்வே என்னும் ஆதிகுடிகள் பூர்ஜ மரத்துப் பட்டையால் தோணி செய்து இந்த வழிகளில் சஞ்சரித்தார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டு, பின்னால் தோல் வியாபாரிகளின் ஆட்கள் தொண்ணூறு ராத்தல் மூட்டைகளை இரண்டிரண்டாக முதுகில் ஏற்றிக்கொண்டு அதே பாதைகளில் ஓடினார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு மரம் வெட்டுவோரும், சுரங்கக்காரர்களும், கடைசியாக விடுமுறையைக் கழிக்க வருவோரும் வந்து சேர்ந்தார்கள்.

விடுமுறைக்காரருக்குப் பின்னாலேயே ரஸ்தா வரும் என்பது எங்கும் கண்ட அநுபவம். அமெரிக்காவில் மோட்டார் வண்டி மலிந்த 1920-க்குப் பிற்பட்ட வருஷங்களில், வனத்தின் முதல் எதிரி கோடாலியல்ல, ரஸ்தாவே என்று நினைத்தவர்கள் சிலர் தோன்றினார்கள். விந்தை என்னவெனில், அவர்களில் முக்கியமானவர்கள் சர்க்கார் வனத்துறையிலேயே சம்பளம் வாங்கியவர்கள். ஆர்தர் கார்ஹார்ட் என்பவரை 1919-ம் வருஷத்தில் கொலராடோ மாகாணத்தில் ஓர் ஏரிக்கரையில் கோடை வீடுகளுக்கு மனை பிரிக்க அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே வீடே கட்டக்கூடாது என்று அறிக்கை எழுதினார். மனை அளக்கப் போனவர் மனை வேண்டாம் என்று திரும்பிய கதை நம் நாட்டு உத்தியோகஸ்தர்களின் சரித்திரத்தில் உண்டா என்பதை விஷயம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். அதே கார்ஹார்ட்தான் பிறகு எல்லை நீர்களுக்கும் வந்து, இது தோணிக்கு உரிய தேசம் என்று யோசனை கூறினார். 1926-ம் வருஷத்தில் அதன் ஒரு பெரும் பகுதியில் ரஸ்தா போடுவதில்லை என்று சர்க்கார் தீர்மானித்தது.

ரஸ்தாவைத் தடுத்தார்கள். ஆகாயத்தை யார் தடுப்பது?

இரண்டாவது மகாயுத்தம் முடிந்ததும் விமானம் ஓட்டத் தெரிந்த இளைஞர்கள் ஏராளமாக ஊர் திரும்பினார்கள். ஏரிக்காட்டின் வாசலில் இருக்கும் ஏலி என்ற சுரங்க ஊரிலிருந்து, தண்ணீரில் இறங்கும் மிதவை விமானங்கள் காலையும் மாலையும் பறந்தன. காட்டின் நடுவே விடுதிகள் கிளம்பின. நான்கு நாள் துடுப்புப் போட்டு, தோள் கன்றி, கொசுக்கடி பட்டு ஓர் ஏரியை அடைந்தவன், தன் தலைக்கு மேலாக ஒரு கனவான் பறந்து வந்து இறங்கி, மீனைப் பிடித்துக்கொண்டு மாலைச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்புவதைப் பார்த்தான். 1949-ம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் ஜனாதிபதி ட்ரூமன் ஓர் உத்தரவு போட்டார்: கடல் மட்டத்துக்கு 4,000 அடிக்குக் கீழே அந்தக் காட்டின்மேல் விமானம் பறக்கக்கூடாது. வனத்தின் அமைதிக்காக ஆகாயத்துக்கு வேலி போட்டது அந்தத் தேசத்தில் அதுவே முதல் தடவை. விடுதிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, வழக்காடினார்கள். உத்தரவு செல்லும் என்று 1953-ல் மேல் கோர்ட்டு தீர்ப்புச் செய்தது.

இந்தப் போராட்டத்தில் முன்னின்றவர் ஸிகர்ட் ஓல்ஸன். அவரைப்பற்றி இரண்டு வார்த்தை அதிகமாகவே எழுத நமக்கு ஆசை. ஏனெனில் அவரும் நம்மைப் போல் ஓர் உபாத்தியாயர். ஏலியில் பையன்களுக்கு ஜீவசாஸ்திரம் கற்பித்து, பிறகு அவ்வூர்க் கல்லூரியில் தலைமைப் பதவி வகித்தார். கோடையில் தோணி வழிகாட்டியாகப் போவார். எழுத்தின் மேல் இருந்த மோகத்தால் 1947-ல் வேலையை ராஜினாமாச் செய்தார். அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தேழு. நாற்பதுகளில் இருக்கும் உபாத்தியாயர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அது நிற்க.

தேசம் முழுமைக்குமான சட்டம் 1964-ல் வந்தது. அதை எழுதியவர் ஹோவர்ட் ஸானைஸர் என்ற சாதுவான மனிதர். எட்டு வருஷ காலத்தில் அறுபதுக்கு மேற்பட்ட தடவை நகலைத் திருத்தி எழுதினார். அந்த வருஷம் மே மாதத்தில் காலமானார். செப்டம்பர் 3-ந் தேதி ஜனாதிபதி ஜான்ஸன் கையெழுத்திட்டபோது அவர் மனைவிதான் பக்கத்தில் நின்றார். வனாந்தரம் என்பது மனிதன் தளை பூட்டாத நிலம், அங்கே அவன் விருந்தாளி, தங்கிவிடுகிறவனல்ல என்பது அந்தச் சட்டத்தின் கருத்து. மோட்டார் வண்டி, மோட்டார் படகு, இயந்திரக் கருவிகள், விமானம் இறங்குதல் எல்லாவற்றுக்கும் தடை. சைக்கிளுக்குக்கூட அங்கே இடமில்லை. முதலில் 91 லட்சம் ஏக்கர் இதில் அடங்கியது. இன்று 11 கோடி ஏக்கருக்கு மேல் இருக்கிறது.

ஆனால் எல்லை நீர்களுக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு நுழைந்தது. மசோதாவைச் செனெட் சபையில் கொண்டுவந்த ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரீ மின்னஸோட்டாவின் பிரதிநிதி. சொந்த ஊர் வோட்டரைக் கோபப்படுத்த அவர் விரும்பவில்லை. ஆகவே அங்கே முன்பிருந்த மோட்டார் படகும் மரம் வெட்டுதலும் நீடிக்கலாம் என்று எழுதப்பட்டது. பெயர் வனாந்தரம், நடப்பது மோட்டார். போதாக்குறைக்கு, உறைந்த ஏரிகளின்மேல் ஓடும் ஸ்நோமொபைல் என்னும் பனிவண்டியும் வந்து சேர்ந்தது. கோடையில் படகின் ஓசை, குளிர்காலத்தில் வண்டியின் ஓசை. பதினான்கு வருஷம் இந்த விசித்திரம் நடந்தது.

பிறகு ஒரே சமயத்தில் இரண்டு மசோதாக்கள் புறப்பட்டன. மினியாபொலிஸ் நகரத்தின் பிரதிநிதி டொனால்ட் ஃப்ரேஸர், மோட்டாரே கூடாது என்றார். அந்தக் காட்டுப் பகுதியின் பிரதிநிதி ஜேம்ஸ் ஒபர்ஸ்டார், ஒரு பகுதியைப் பிரித்து மோட்டாருக்கு விட வேண்டும் என்றார். 1977-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஏலியில் பகிரங்க விசாரணை நடந்தது. மண்டபத்துக்கு வெளியே ஓல்ஸனுடைய உருவப் பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் பேச எழுந்ததும் கூச்சல் எழும்பிற்று. எழுபத்தெட்டு வயதுக் கிழவர். கூச்சலிட்டவர்களில் அவரிடம் படித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இருந்திருக்கவேண்டும், சிறிய ஊரல்லவா? எவ்வளவு யோசித்தாலும் நம் மனம் இந்த இடத்தைத் தாண்டிச் செல்ல மறுக்கிறது.

கூச்சலிட்டவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்களுடைய கட்சியையும் கேட்க வேண்டும். இரும்புச் சுரங்கம் அந்த ஊரில் 1967-ல் மூடப்பட்டது. மிச்சமிருந்தது விடுதி, படகு, மீன்பிடிக்க வரும் கூட்டம். பாட்டன் காலத்திலிருந்து போய்வந்த ஏரிக்கு இனிப் படகில் போகாதே என்று, அந்த ஏரியை வாழ்நாளில் ஒரு முறை பார்த்தாலும் பார்க்கும் நகரவாசி சொல்லுகிறான். தோணியைத் தலைமேல் தூக்க முடியாத கிழவனும் கால் விளங்காதவனும் என்ன செய்வது? இது பொது நிலமென்றால் பொதுஜனத்தில் நாங்கள் சேர்த்தியில்லையா? இந்தக் கேள்விகள் எவையும் அற்பமானவை அல்ல.

இருந்தாலும் நம் அபிப்பிராயம் மறுபக்கமே சாய்கிறது. காரணம் சொல்லுகிறோம். ஓர் ஏரியில் பத்துப் பேர் துடுப்புப் போட்டுப் போனாலும் மோட்டார்க்காரனுக்கு ஒரு குறையுமில்லை; அவன் அவர்களைக் கடந்து போய்விடுவான். ஒரே ஒரு மோட்டார் ஓடினாலோ, அந்த ஏரி முழுதும், அதன் அக்கரையும், சாயங்காலமும் அவனுடையதாகிவிடுகிறது. தண்ணீர்மேல் ஓசை எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இருவருக்கும் சமமாகப் பாதை திறப்பதாகச் சொல்லி, ஒருவருக்கே கொடுத்துவிடுகிறோம். கால் விளங்காதவர்களைப்பற்றிய வாதத்துக்கு 1977-லேயே ஒரு பதில் கிடைத்தது. சக்கர நாற்காலியில் இருப்பவர் இருவரையும் காது கேளாதவர் இருவரையும் சேர்த்துக்கொண்டு சில இளைஞர்கள் தோணியிலேயே அந்த ஏரிகளுக்குப் போய் வந்தார்கள். பிறகு அதையே ஒரு தொண்டாகவும் ஸ்தாபித்துவிட்டார்கள். நடக்க இயலாதவரின் சக்கர நாற்காலிக்கு எந்த வனாந்தரத்திலும் தடையில்லை என்று 1990-ல் சட்டமே தெளிவுபடுத்தியது.

முடிவில் இரு கட்சியின் வக்கீல்களும் உட்கார்ந்து பேசி ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். 1978-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டார். மரம் வெட்டுதல் நின்றது. பனிவண்டி, ஒன்றிரண்டு வழிகளில் சில வருஷத் தவணை தவிர, நின்றது. மோட்டார் படகு இன்று நீர்ப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் மட்டும் ஓடுகிறது. அதிலும் பெரும்பாலும் பத்து அல்லது இருபத்தைந்து குதிரைச் சக்திக்கு மேல் கூடாது. நஷ்டப்பட்ட விடுதிகளைச் சர்க்கார் விலைக்கு வாங்கியது. ஃப்ரேஸர் அந்தச் செப்டம்பரிலேயே செனெட் சபைக்கான உட்கட்சித் தேர்தலில் சொற்ப வோட்டில் தோற்றுப்போனார். வடக்கத்திய ஊர்கள் அவரை மறக்கவில்லை.

ஆறாத புண் வேறொன்றும் இருக்கிறது. ஒஜிப்வே குடிகள் 1854-ல் இந்த நிலத்தை ஒப்பந்தத்தால் விட்டுக்கொடுத்தபோது, வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உரிமையை வைத்துக்கொண்டார்கள். மனிதன் தங்காத நிலம் என்று சட்டம் கூறும் இடத்தில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கியிருந்தார்கள். எல்லைக்கு அப்பால் கனடாவில் இதைவிட மோசம்: க்வெட்டிகோ பூங்காவுக்காக 1915-ல் அவர்களுடைய கிராம நிலத்தையே ரத்துச் செய்துவிட்டார்கள். ஒண்டேரியோ சர்க்கார் 1991-ல் மன்னிப்புக் கேட்டது. பிறகு அந்தக் குடியைச் சேர்ந்த வழிகாட்டிகள் சில ஏரிகளில் சிறு மோட்டார் வைத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. துடுப்புக்காரர்களில் சிலர் இதற்கும் முணுமுணுத்தார்கள். தோணியைக் கண்டுபிடித்தவனுக்குத் தோணியின் பெருமையைப் போதிப்பது நமக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது.

சண்டை 1978-ல் ஓயவில்லை. மூன்று போர்ட்டேஜ்களில் மட்டும் படகுகளை ஏற்றிச் செல்ல லாரி ஓடிக்கொண்டிருந்தது. வழக்கு நடந்து லாரிகள் நின்றன. 1998-ல் நெடுஞ்சாலைகளுக்குப் பணம் ஒதுக்கும் ஒரு பெரிய சட்டத்துக்குள் இரண்டு வரியைச் செருகி, இரண்டு இடங்களில் லாரியை மீண்டும் ஓட்டினார்கள். பதிலுக்கு இரண்டு சிறு ஏரிகளில் மோட்டாரை விலக்கினார்கள்.

இனி டொரோதி மோல்ட்டர் அம்மாளின் கதை ஒன்றே பாக்கி. அந்த அம்மாள் நர்ஸ் படிப்புப் படித்தவர். 1930-ல் நைஃப் ஏரியைப் பார்க்க வந்தவர், அங்கேயே ஒரு தீவில் தங்கிவிட்டார். விமானம் பறந்த நாளில் விருந்தாளிகளுக்காகப் புட்டிப் பானங்கள் ஆகாய மார்க்கமாக வந்து இறங்கும். ட்ரூமனின் உத்தரவால் விமானம் நின்றது. காலிப் புட்டிகள் குவியலாக மிஞ்சின. அம்மாள் ஏரித் தண்ணீரில் 'ரூட் பீர்' என்னும் இனிப்புப் பானம் தாமே காய்ச்சி, அந்தப் புட்டிகளில் நிரப்பி, குளிர்காலத்தில் வெட்டி வைத்த ஏரிப் பனிக்கட்டியில் குளிரவைத்து, துடுப்புப் போட்டுக் களைத்து வந்தவர்களுக்கு வழங்கினார். ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் குடிப்பதற்காகவே அந்தத் தீவுக்கு வழி கேட்டுப் போனார்கள். வனாந்தரத்தில் யாரும் குடியிருக்கலாகாது என்று சட்டம் வந்தபோது, ஜனங்கள் மனுச் செய்துகொண்டு அவரை ஆயுள்வரை இருக்கவிட வேண்டும் என்று கேட்டார்கள். சர்க்கார் இசைந்தது. 1986-ம் வருஷம் டிஸம்பர் மாதம் தம் குடிசையிலேயே காலமானார்.

அவருடைய மரக்குடிசைகளைக் காட்டில் விட்டுவைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஏலி ஜனங்கள் அவற்றைக் கட்டை கட்டையாகப் பிரித்து, உறைந்த ஏரிகளின்மேல் ஊருக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டி, ஒரு காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். அங்கே இன்றும் ரூட் பீர் விற்கிறது. கட்டைகளை இழுத்து வந்தவை நாய்கள் பூட்டிய வண்டிகளும், அவற்றோடு கூட ஸ்நோமொபைல்களும்.