இரண்டு ஜிபி எல்லையில் ஓர் ஓட்டை

எந்த வட்டு எந்த டைரக்டரியில் மவுண்ட் ஆகியிருக்கிறது என்று கேட்டால், லினக்ஸ் கெர்னல் ஒரு பட்டியல் தரும். சாதாரணப் பயனரும் அதைப் படிக்கலாம். அந்தப் பட்டியலை எழுதும் நிரலில் 2014 முதல் ஒரு பிழை இருந்தது. 2021 ஜூலையில் குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் அதை ‘செக்கோயா’ என்ற பெயரில் வெளியிட்டார்கள்.

பட்டியலுக்காகக் கெர்னல் முதலில் 4,096 பைட் நினைவகம் ஒதுக்கும். போதாவிட்டால் இரு மடங்கு, அதுவும் போதாவிட்டால் மறுபடி இரு மடங்கு. அப்போது இதற்கு உச்சவரம்பு இருக்கவில்லை. ஆய்வாளர்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுமார் பத்து லட்சம் டைரக்டரிகளை உருவாக்கினார்கள். பாதையின் நீளம் 1 ஜிபியைத் தாண்டியது. அந்த டைரக்டரி அடுக்கை மவுண்ட் செய்து, அழித்து, பிறகு பட்டியலைக் கேட்டார்கள். கெர்னல் 2 ஜிபி ஒதுக்கியது.

ஒதுக்கும் பகுதி இந்த அளவை 64 பிட் எண்ணாக வைத்திருக்கிறது, அதில் சிக்கலில்லை. பாதையை எழுதும் பகுதியோ அதை மைனஸும் வரக்கூடிய 32 பிட் எண்ணாக வாங்குகிறது. அதன் உச்சம் 2,14,74,83,647. இரண்டு ஜிபி அதைவிட ஒன்று கூடுதல். அந்த ஒன்றால் எண் மைனஸாகப் புரண்டது. பாதை, ஒதுக்கிய நினைவகத்தின் கடைசியிலிருந்து பின்னோக்கி எழுதப்படும். தொடக்கத்துடன் அளவைக் கூட்டினால் கடைசி கிடைக்க வேண்டும். கிடைத்ததோ தொடக்கத்துக்கும் 2 ஜிபி முந்தைய இடம்.

இடம் மிச்சமிருக்கிறதா என்ற சோதனையும் இருக்கத்தான் செய்தது. ‘அழிக்கப்பட்டது’ என்று குறிக்கும் சொல்லுக்கு 10 பைட் வேண்டும். மிச்சத்தில் பத்தைக் கழித்து, விடை மைனஸா என்று நிரல் பார்க்கும். மைனஸின் அடிமட்டத்தில் இருந்த எண், பத்தைக் கழித்ததும் சுற்றிவந்து பெரிய பிளஸ் எண்ணானது. சோதனை வழிவிட்டது.

அந்த 10 பைட்டில் என்ன எழுதுவது என்பது தாக்குபவர் கையில் இல்லை. ஆனால் கெர்னல் சரிபார்த்து முடித்த ஒரு சிறு நிரலின் மேல் அது விழும்படி ஆய்வாளர்கள் நினைவகத்தை அடுக்கினார்கள். சரிபார்ப்புக்குப் பின் அந்த நிரல் மாறியதால், உபுண்டு 20.04, டெபியன் 11, ஃபெடோரா 34 ஆகியவற்றில் ரூட் அதிகாரமே கிடைத்தது.

திருத்தம் சிறியது: அளவு 2 ஜிபியை நெருங்கினால் நினைவகம் தர மறுப்பது. ஒரு பகுதி கொடுத்த எண்ணை அடுத்த பகுதி வேறு வகையாக வாங்கும்போது சி மொழி தானாகத் தடுக்காது. சி எழுதுபவர்கள் கம்பைலரின் எண்வகை மாற்ற எச்சரிக்கைகளை இயக்கி வைத்துக்கொள்வது நல்லது.